கோவலன் செய்ததும் குடும்பங்கள் பட்டதும்: சிலப்பதிகாரம் கேள்வி பதில்

ஒருவர் எடுக்கும் முடிவு வீட்டிலுள்ள மற்றவர்களை எப்படிப் பாதிக்கிறது என்பதைச் சிலப்பதிகாரத்தை வைத்துப் பேசலாம் என்றதும் நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். கதையை மறந்தவர்களுக்காகச் சில வரிகள்: புகார் வணிகன் மாசாத்துவான் மகன் கோவலன், மாநாய்கன் மகள் கண்ணகியை மணக்கிறான். பிறகு ஆடல்மகள் மாதவியோடு வாழ்ந்து செல்வத்தையெல்லாம் தொலைக்கிறான். கடற்கரையில் கானல்வரி பாடும்போது பிணக்கு வந்து அவளையும் பிரிகிறான். கண்ணகியின் சிலம்பை விற்றுப் பிழைக்கலாம் என்று இருவரும் மதுரைக்குப் போகிறார்கள். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் பழியைக் கோவலன் மேல் போட, பாண்டியன் விசாரிக்காமலே கொல்லச் சொல்கிறான்.

அம்மா, கோவலனைப் பெண்பித்தன் என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். அவன் கெட்டவன்தானா?

இல்லை. அவன் நல்லவன் என்பதில்தான் இந்தக் கதையின் வலியே இருக்கிறது. அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையவன் அவனைப் பார்த்து, நீ செய்த நல்லதையெல்லாம் நான் அறிவேன் என்று வரிசையாகச் சொல்கிறான். மாதவியிடம் பிறந்த மகள் மணிமேகலைக்குப் பெயர் சூட்டிய நாளில் தானம் வாங்க வந்த முதியவரை மதயானை பிடித்துக்கொள்ள, கோவலன் பாய்ந்து காப்பாற்றினான். குழந்தையைக் காத்த கீரியை அவசரத்தில் கொன்றுவிட்டாள் ஒரு பெண். அவள் கணவன் அவளை விட்டுப் போய்விட்டான். கோவலன் அவளுக்காகத் தானம் செய்து, கணவனைத் திரும்பக் கூட்டிவந்து, இருவரும் வாழப் பொருளும் கொடுத்தான். பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனை நாற்சந்தியில் இருக்கும் சதுக்கப்பூதம் பிடித்தபோது, அவனுடைய தாய் அழுவது தாங்காமல் 'என் உயிரை எடுத்துக்கொள்' என்று போய் நின்றான். பூதம் மறுத்தது. அந்தக் குடும்பத்தைப் பல ஆண்டுகள் பசியில்லாமல் காப்பாற்றினான்.

மகளுக்குப் பெயர் சூட்டிப் பொன்னை அள்ளிக் கொடுத்த அந்த நாளிலும் கண்ணகி தன் வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். ஊரார் வீட்டுக் கண்ணீரெல்லாம் அவன் கண்ணில் பட்டது. சொந்த வீட்டில் இருந்தவள் அழவில்லை, அதனால் படவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். கெட்டவன் கெட்டதைச் செய்தான் என்று சொல்வதில் அவர்கள் கற்றுக்கொள்ள எதுவுமில்லை.

கண்ணகி ஏன் வாயே திறக்கவில்லை? அவளுடைய பொறுமையும் இதற்குக் காரணம் இல்லையா?

வாய் திறக்கிறாள். நாம்தான் மதுரையில் சிலம்பை உடைக்கும் இடத்தில் மட்டும் அவள் குரலைக் கேட்டுப் பழகிவிட்டோம்.

கோவலன் திரும்பி வந்து, குலம் சேர்த்த பொருளைத் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்கிறான். அவள் சிரித்த முகத்தோடு 'சிலம்புள கொண்ம்' என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பணமில்லாமல்தான் தளர்ந்து நிற்கிறான் என்று நினைத்து அப்படிச் சொன்னாள் என்பது உரைகாரர்கள் சொல்வது. அப்படியானால் அந்தச் சிரிப்பு எவ்வளவு பாரமானது!

பிறகு கொலைக்களக் காதை. மதுரைக்கு வெளியே ஆயர் குடியில், மாதரி என்னும் இடைச்சி தந்த வீட்டில் கண்ணகி சமைக்கிறாள். அரிவாளில் காய் நறுக்கி விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. வாழைக்குருத்தை விரித்துச் சோறு போடுகிறாள். சாப்பிட்டு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்ட பிறகுதான் கோவலனுக்குப் பேச்சு வருகிறது. பெற்றோர் சொல்லைத் தவறினேன், உனக்கும் சிறுமை செய்தேன், 'வா' என்றதும் வந்துவிட்டாயே என்கிறான். அதற்கு அவள் சமாதானம் சொல்லவில்லை. 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்று நேருக்கு நேர் சொல்கிறாள். நீங்கள் இல்லாததால் அறவோர்க்கு அளிக்கவும் விருந்தினரை எதிர்கொள்ளவும் எனக்கு இல்லாமல் போயிற்று, உங்கள் தாயும் தந்தையும் வந்தபோது துன்பத்தை மறைத்துப் பொய்யாகச் சிரித்தேன், அதைப் பார்த்து அவர்கள் இன்னும் வருந்தினார்கள் என்கிறாள். அவன் செய்ததற்குக் கணக்கு முழுவதும் அங்கே வந்துவிடுகிறது. கேட்டுவிட்டுச் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறான்.

பொறுமை தவறா என்று கேட்டீர்கள். மணமானபோது அவளுக்கு 12 வயது, அவனுக்கு 16. அந்தப் பெண்ணிடம் போய்ப் பொறுப்பைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் அத்தை, குடியைக் கெடுத்தவள் மாதவிதான் என்று அடித்துச் சொல்வார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அத்தைக்குப் புறஞ்சேரி இறுத்த காதையைப் படித்துக் காட்டுங்கள். மாதவி 12 வயதில் அரங்கேறியவள். அரசன் தந்த 1008 கழஞ்சு பொன் பெறும் மாலையை ஒரு கூனி நகரத்து இளைஞர்கள் திரியும் தெருவில் விலை கூறுகிறாள், கோவலன் வாங்குகிறான். இதில் மாதவி தேர்ந்தெடுத்தது எது?

கோவலன் போன பிறகு அவள் எழுதிய ஓலையைக் கௌசிகன் என்னும் மறையவன் கொண்டுவந்து தருகிறான். மண் இலச்சினையில் அவள் கூந்தல் நெய்யின் மணம் இருந்ததால், கோவலனுக்கு அதைக் கையைவிட்டு எடுக்கவே முடியவில்லை. உள்ளே காதல் வார்த்தை இல்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை விட்டு, குலமகளோடு இரவோடு இரவாகப் போகும்படி நான் என்ன பிழை செய்தேன் என்று கேட்டிருக்கிறாள். படித்ததும், அவள் மேல் தீதில்லை, தீது என்னுடையது என்று தெளிகிறான். அதோடு நிற்காமல் அதே ஓலையைத் தன் பெற்றோரிடம் சேர்க்கச் சொல்கிறான். மாதவியின் சொற்கள் அவன் பெற்றோரிடம் சொல்ல வேண்டியதற்கும் பொருந்திவிட்டன. இதைவிட நல்ல சான்றிதழ் அவளுக்கு வேண்டுமா?

எல்லாம் ஊழ்வினை என்று இளங்கோவடிகளே பதிகத்தில் சொல்லிவிட்டார். பிறகு யார் செய்த தவறு என்று ஆராய்வதில் என்ன பொருள் இருக்கிறது?

பாண்டியன் உத்தரவிடும் இடத்தைப் பாருங்கள். 'வினைவிளை காலம் ஆதலின்' என்கிறார் இளங்கோ. அடுத்த அடியிலேயே அரசன் 'தேரான் ஆகி' என்கிறார். ஊழ் வந்து நின்றதும் உண்மை, அவன் ஆராயாமல் விட்டதும் உண்மை, இரண்டும் ஒரே வாக்கியத்தில். ஊடிப் போன அரசியைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் இருந்தான் அவன். உண்மை தெரிந்தபோது விதி என்று சொல்லித் தப்பிக்கவில்லை. 'யானோ அரசன் யானே கள்வன்' என்று விழுந்து இறந்தான். கோப்பெருந்தேவியும் உடன் உயிர்விட்டாள். கோவலனின் முற்பிறப்புக் கதையை மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி பிற்பாடு கண்ணகிக்குச் சொல்கிறது. ஆனால் காப்பியத்தில் தவறு செய்த எவரும் அதைச் சாக்காகச் சொல்வதில்லை.

கோவலன், கண்ணகி இருவரின் பெற்றோர் என்ன ஆனார்கள்? பாடப்புத்தகத்தில் மதுரை எரிவதோடு கதை முடிந்துவிடுகிறதே.

இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன். வஞ்சிக் காண்டத்தில் நீர்ப்படைக் காதையில் விடை இருக்கிறது. பத்தினிக்குச் சிலை வடிக்க இமயத்திலிருந்து கல் எடுத்துவந்த சேர அரசன் செங்குட்டுவன் கங்கைக் கரையில் தங்கியிருக்கிறான். அங்கே வந்த மாடலன் சொல்கிறான்.

மாசாத்துவான் சொத்தையெல்லாம் தானம் செய்துவிட்டு இந்திர விகாரங்களில் துறவு பூண்டார். கோவலனைப் பெற்றவள் மகன் துயரம் பொறுக்காமல் இறந்தாள். மாநாய்கன் ஆசீவகத் துறவிகளிடம் அறம் கொண்டார். கண்ணகியின் தாயும் உயிர்விட்டாள். அடைக்கலமாக வந்தவளைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் புகுந்தாள். கண்ணகியை அவளிடம் ஒப்படைத்த சமணத் துறவி கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். அப்பாக்களுக்குத் துறவு கிடைத்தது, அம்மாக்களுக்குச் சாவுதான் என்பதைக் கவனியுங்கள்.

மாடலன் ஏன் கங்கைக்கு வந்தான்? மதுரைச் செய்தியைப் புகாரில் போய்ச் சொன்னவன் அவன்தான். தன் வாயால் கேட்டவர்கள் இறந்துபோனதால் அந்தப் பாவம் போக நீராட வந்தான். சேதி சொன்னவனைக்கூட அந்த ஒரு மனிதன் எடுத்த முடிவு விட்டுவைக்கவில்லை. கோவலன் ஒரே வெட்டில் போய்விட்டான். மிச்சத்தையெல்லாம் அனுபவித்தவர்கள், அவன் முடிவெடுத்தபோது ஒரு வார்த்தை கேட்கப்படாதவர்கள். சிலப்பதிகாரத்தை நான் திரும்பத் திரும்பப் படிப்பது இதற்காகத்தான்.

பாண்டியன் வாரிசு ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டதாக வருகிறதே. ஒருவன் திருட்டுக்கு ஆயிரம் குடும்பமா?

ஆம், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஒரே பகலில் பலியிட்டான் என்று வருகிறது. அந்த ஆயிரம் பேருக்கும் பெண்டாட்டி பிள்ளை இருந்திருக்கும். காப்பியம் அவர்களைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் கடந்துபோகிறது. எனக்கு இது ஆறவே ஆறாத இடம், காலம் அப்படி என்று பூசி மெழுக மாட்டேன். மணிமேகலைக் காப்பியத்தில் கண்ணகியே, மதுரையை எரித்த சினத்தின் பாவம் என்னையும் வந்து சேரும் என்கிறாள். பொற்கொல்லர்களுக்காகச் சொன்னது அல்லதான். இருந்தாலும் பழிவாங்கியவளுக்கும் கணக்கு உண்டு என்று ஒரு புலவர் எழுதினாரே, அந்தமட்டில் நல்லது.

தன் துயரத்துக்காக மாதவி மகளைத் துறவியாக்கியது சரியா? மணிமேகலையைக் கேட்டாளா?

கேட்கவில்லை. மாதவியின் தாய் சித்திராபதி பேத்தியையும் ஆடல்மகளாக்கப் பார்க்கிறாள். மாதவி, இவள் மாபெரும் பத்தினியின் மகள், தவத்துக்கு உரியவள் என்று மறுக்கிறாள். பெற்றது தானாக இருந்தும் மகளைக் கண்ணகிக்கு உரியவளாக ஆக்கிவிடுகிறாள். தனக்கு 12 வயதில் நடந்தது மகளுக்கு நடக்கக்கூடாது என்ற உறுதி அது. அதை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆனாலும் மணிமேகலைக்கு மனம் இல்லாமலில்லை. அரசகுமாரன் உதயகுமரன் தன்னை இழிவாகப் பேசியும், 'புதுவோன் பின்றைப் போனது என் நெஞ்சம்' என்று தோழி சுதமதியிடம் ஒப்புக்கொள்கிறாள். தாயின் நல்ல முடிவுக்கும் மகள்தான் ஈடு கொடுக்கிறாள். அமுதசுரபி கைக்கு வந்து, பசித்தவர்க்குச் சோறிட்டு, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் சொல்லி அரசனிடம் கேட்கும்போதுதான் அந்தத் துறவு அவளுடைய சொந்தத் துறவாகிறது என்பது என் கருத்து. மாறாக நினைப்பவர்கள் எழுதுங்கள், இது விவாதிக்க வேண்டிய விஷயம்.

முழுவதும் படிக்க நேரமில்லை. எங்கே தொடங்கலாம்?

அடைக்கலக் காதை, கொலைக்களக் காதை, நீர்ப்படைக் காதை மூன்றையும் இதே வரிசையில் படியுங்கள். உ.வே.சா. 1892-இல் பழைய உரைகளோடு வெளியிட்டார், ஆனால் முதல் முறை படிப்பவர்களுக்கு அந்த உரைகள் கடினம். இக்காலத் தெளிவுரையோடு ஒரு பதிப்பை வைத்துக்கொண்டு, மூலத்தை வாய்விட்டுப் படியுங்கள். புறஞ்சேரி இறுத்த காதையில் மாதவியின் ஓலை வரும் இடத்தைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டியவரும் அதைத்தான் தேடுவார்.