அண்ணன் மெஷின் போர் தம்பிக்கு ஆகுமா?

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில் நிழல் கழிக்க வைத்திருந்த மரம் அறுக்கும் செயின்சா, பழைய ஸ்டில் 023, சீஸ் ஆகிவிட்டது (பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது). 023-க்குப் போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்), பிஸ்டன் செட் கிடைக்கவில்லை. சேலத்துக் கடையில் 025 செட் இருக்கிறது, அதுவே ஏறும் என்கிறார்கள். வீட்டில் 021 ஒன்று எடைக்குப் போடும் நிலையில் கிடக்கிறது. அதன் போரைக் கழற்றி மாட்டினால் காசு மிச்சமாகுமே?
*– நாகலூர், ஏற்காடு*

பதில்: 025 செட் ஏறும். 021 போரைத் தொடாதீர்கள்.

021, 023, 025 மூன்றும் பின்னாளில் எம்எஸ் 210, 230, 250 என்று பெயர் மாறின. மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஸ்டில் பாக எண்ணின் முதல் நான்கு இலக்கம் குடும்பப் பெயர் மாதிரி; இந்த மூன்றுக்கும் அது 1123. ஆனால் குடும்பம் ஒன்று என்பதால் உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றாகிவிடாது. 023-இல் போர் விட்டம் 40 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 32 மி.மீ., அதாவது 40.2 சிசி. 025-இல் விட்டம் 42.5, ஸ்ட்ரோக் அதே 32, அதாவது 45.4 சிசி. ஸ்ட்ரோக் ஒன்றாக இருப்பதால் உங்கள் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) அப்படியே இருக்க, போரும் பிஸ்டனும் மட்டும் மாறும். ஏமாற்றுவது 021-தான். அதன் விட்டமும் 40. பிஸ்டனைக் கையில் வைத்துப் பார்த்தால் 023 போலவே தெரியும். ஸ்ட்ரோக் மட்டும் 28. அந்த 4 மி.மீ. வித்தியாசத்தில் பிஸ்டன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது: மேலே முட்டும், முட்டாவிட்டாலும் போர்ட் (போர்ச் சுவரிலுள்ள காற்று, புகைத் துளை) திறந்து மூடும் நேரம் கெடும்.

அதற்காக 021-ஐ எடைக்குப் போட்டுவிட வேண்டாம். செயின் பிரேக், ஆயில் பம்ப், கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டர், கைப்பிடி, செயின் இறுக்கும் திருகு, மூடிகள் எல்லாம் 023-க்கு உதவும். தனித்தனியாக வாங்கினால் போர் செட்டை விட இவைதான் கையைக் கடிக்கும்.

செட் வாங்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: பழைய பிஸ்டனைப் பாருங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் கோடு விழுந்திருந்தால் பெட்ரோல் குறைந்து காற்று கூடிப் போயிருக்கிறது. சுற்றிலும் கோடு என்றால் ஆயில் கலக்காத பெட்ரோல். கார்புரேட்டர் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புது செட் போட்டால், அதுவும் ஒன்றிரண்டு டேங்கில் அதே கதிக்கு வரும். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

காற்றுக் கசிவு பெரும்பாலும் மூன்று இடங்களில்: கிராங்கின் இரு பக்க ஆயில் சீல், கார்புரேட்டருக்கும் போருக்கும் நடுவிலுள்ள ரப்பர், வெடித்துப்போன பெட்ரோல் டியூப். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது. ஆகவே இரண்டு சீல், டியூப், டேங்கில் தொங்கும் ஃபில்டர், கார்புரேட்டர் டயாப்ரம் கிட் ஆகியவற்றைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். கிராங்க் பேரிங்கை விரலால் சுழற்றிப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் அதையும்.

இந்த மெஷின்களில் போரின் அடிப்பாகமே கிராங்க் கேஸின் மேல் பாதி. கீழே தட்டு மாதிரி இன்னொரு பாதி. நடுவில் கேஸ்கெட் கிடையாது, சீலன்ட் மட்டும். எனவே பழைய சீலன்டை முழுக்கச் சுரண்டி, தின்னரால் துடைத்து, பெட்ரோல் தாங்கும் சீலன்டை மெல்லிய கோடாக இழுக்க வேண்டும். குழாய் ஒட்டும் சாதாரண சிலிகான் பெட்ரோலில் ஊறி உரிந்துவிடும். அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கி பேரிங்கில் போய் உட்காரும். பிஸ்டன் தலையிலுள்ள அம்பு சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் கம்பி வளையமான பின் லாக்கைப் புதிதாகவே போடுங்கள். அதன் வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே இருக்கட்டும், பக்கவாட்டில் வைத்தால் நாளடைவில் கழன்று போரைக் கிழித்துவிடும். பின்னின் தடிமனையும் நீடில் பேரிங்கையும் மாட்டும் முன்பே வெர்னியர் அளவுகோலில் அளந்து ஒப்பிடுங்கள்.

சீலன்ட் காய்ந்ததும் கசிவு பார்க்காமல் மூடாதீர்கள். சைலன்சருக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்து இறுக்கி, கார்புரேட்டர் வாயை அடைத்து, பிளக் துளை வழியாக 0.5 பார் (காற்றழுத்த அளவு) காற்று ஏற்றுங்கள். 20 விநாடி இறங்காமல் நிற்க வேண்டும். கருவி இல்லாத பட்டறையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பம்பும் மீட்டரும் போதும். அதன் கடைசிக் கோடான 300 (பாதரச மி.மீ.) என்பது 0.4 பார்; கசிவைப் பிடிக்க அது தாராளம். சோப்பு நீர் தடவினால் குமிழி இடத்தைக் காட்டும். அடுத்து வெற்றிடம் இழுத்தும் பார்க்க வேண்டும்: 0.5 பார் இழுத்தால் 20 விநாடியில் 0.3-க்குக் கீழே போகக் கூடாது. காற்று ஏற்றும்போது நன்றாக இருக்கிற சீல், இழுக்கும்போது கைவிடும். பலரும் தவறவிடுவது இந்த இரண்டாவது சோதனையைத்தான்.

எல்லாம் சேர்த்துப் புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டுகிறதா? அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: லேத் பட்டறையில் "பைக்குக்குப் பண்ற மாதிரி போர் அடிச்சு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுரலாம்" என்கிறார்களே?
*– அயோத்தியாப்பட்டணம்*

பதில்: வேண்டாம். பழைய பைக் போர் வார்ப்பிரும்பு. குடைந்தாலும் உள்ளே இரும்புதான் இருக்கும். இது அலுமினியப் போர், உள்சுவரில் தலைமுடி அளவுகூட இல்லாத கடினப் பூச்சு. லேத்தில் ஏற்றினால் அந்தப் பூச்சு போய்விடும், பிறகு வெறும் அலுமினியம். ஓவர்சைஸ் பிஸ்டனும் இவற்றுக்கு விற்பனையில் கிடையாது.

போரில் தெரியும் கோடுகள் பல நேரம் போரின் காயமே அல்ல, பிஸ்டனின் அலுமினியம் உருகி ஒட்டியது. கழிவறை கழுவும் ஆசிட்டைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, ஒட்டிய இடத்தில் மட்டும் தடவுங்கள். நுரைக்கும், துடைத்து மறுபடி தடவுங்கள். கையுறை போட்டு, வெட்டவெளியில். போர்ட் ஓரத்தில் வழிய விடாதீர்கள். அங்கே பூச்சில்லாத அலுமினியத்தை ஆசிட் தின்னும். நுரை அடங்கியதும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி ஆயில் தடவிவிடுங்கள். அதன் பிறகும் நகம் தடுக்கினால் புதுசு வாங்குங்கள்.

கேள்வி: சேலம் பட்டறையில் டியூனிங் செய்து வாங்கினால் மலையில் புகைகிறது, மூச்சு வாங்குகிறது. மலையில் சரி செய்துகொண்டால் ஆத்தூர்ப் பக்கம் மரம் அறுக்கப் போன இடத்தில் சீஸ் ஆகிறது. பாகம் தரமில்லையா?
*– மஞ்சக்குட்டை*

பதில்: பாகத்தின் மேல் பழி போட வேண்டாம். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலிவு. கீழே வைத்த அளவில் மேலே பெட்ரோல் கூடும், அதுதான் புகை. மேலே குறைத்து வைத்துவிட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிவந்தால் கீழே பெட்ரோல் போதாது, அதுதான் சீஸ். முதலாவது எரிச்சல், இரண்டாவது செலவு. குழப்பமாக இருந்தால் பெட்ரோல் கூடுதலாக இருக்கும் பக்கமே நில்லுங்கள்.

பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் எச் (முழு வேகத்துக்கு), எல் (குறைந்த வேகத்துக்கு) இரண்டு திருகும் உள்ள கார்புரேட்டரில் இரண்டையும் மெதுவாக மூடி, தலா ஒரு சுற்று திறந்து தொடங்குங்கள். ஃபில்டர் சுத்தமாக, செயின் கூர்மையாக இருக்க வேண்டும். இன்ஜின் சூடான பிறகு முழு ரேஸ் கொடுங்கள்: மரத்தில் வைக்காதபோது லேசாக 'பொடபொட' என்று தடுமாறி, மரத்தில் இறங்கியதும் சத்தம் தெளிந்தால் எச் சரி. காற்றில் கீச்சென்று ஏறிக்கொண்டே போனால் உடனே விட்டுவிட்டு எச் திருகை இடப்பக்கம் திறங்கள். மலையிலிருந்து இறங்கும்போது எட்டில் ஒரு சுற்று திறந்துகொண்டு இறங்கி, கீழே மறுபடி கேட்டுப் பாருங்கள். சில சிறு மெஷின்களில் எச் திருகே இருக்காது. அதை வைத்துக்கொண்டு மேலும் கீழும் அலைபவர்கள் ஃபில்டரையாவது தினம் தட்டுங்கள்.

கலவை: மெஷின் கம்பெனியின் டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மி.லி.; சாதாரண டூ-டி ஆயில் என்றால் 40 மி.லி. புதுப் போருக்கு முதல் மூன்று டேங்க் வரை மரத்தில் வைக்காமல் முழு ரேஸ் கொடுக்கக் கூடாது. வேலை முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் வைப்பதானால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓட்டிவிடுங்கள். எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஏற்காட்டு மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் '58 சிசி போர் பிஸ்டன், எல்லா 58 சிசி மெஷினுக்கும் பொருந்தும்' என்று வாங்கினேன். ஏறவில்லை. "பிரித்துவிட்டீர்கள், திருப்ப முடியாது" என்கிறார்கள்.
*– ஓமலூர்*

பதில்: பெட்டியில் எழுதியிருக்கும் சிசி அளவுகோல் அல்ல. அளந்து பாருங்கள்: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் சிசி. பெயரில்லாத '58' மெஷின்களில் அடிக்கடி தென்படும் 45.2 மி.மீ. விட்டமும் 34 மி.மீ. ஸ்ட்ரோக்கும் 54.5 சிசிதான் தரும். அடுத்த முறை வாங்கும் முன் விட்டம், பின் தடிமன், போர் அடியிலுள்ள போல்ட் துளைகளின் இடைவெளி மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

இப்போதைக்கு: மாட்டி ஓட்டிவிட்டால் உங்கள் பேச்சு எடுபடாது, ஓட்டாமல் வையுங்கள். 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்ற விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடியுங்கள். நாளை அது மாறியிருக்கும். வெர்னியரோடு பாகத்தின் படம், பில், பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும் இருக்கிறதா என்பது, இவை எல்லாம் சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கூலிக்கு மரம் அறுத்துப் பிழைப்பவர் மெஷினைத் தொழிலுக்கு வாங்கினாலும் நுகர்வோர்தான். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியது என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அந்த நூலைத்தான்.

கேள்வி: பெரிய 038-இன் பார் (செயின் ஓடும் நீளத் தகடு), செயின் சும்மா கிடக்கிறது. 025-க்குப் போடலாமா?
*– நாகலூர், ஏற்காடு*

பதில்: பார் உட்காராது, சிறிய மெஷின்களுக்குப் பின்பக்கத் துளையும் வாயும் வேறு. செயினும் அப்படியே. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து பாதியாக்குங்கள்: 8.25 மி.மீ. வந்தால் .325 இன்ச், 9.3 வந்தால் 3/8 இன்ச் என்று பெயர். செயின், ஸ்ப்ராக்கெட், பார் மூக்கு மூன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பார் பள்ளத்தின் அகலமும் (1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ.) செயினின் அடிப்பல் (பள்ளத்துக்குள் ஓடும் பல்) தடிமனும் ஒத்துப்போக வேண்டும். கடையில் '16 இன்ச் செயின்' என்று மட்டும் கேட்காமல், உங்கள் பழைய செயினின் அடிப்பற்களை எண்ணி அந்த எண்ணைச் சொல்லுங்கள்.