சிப் ஐபி சந்தை வளர்கிறதாமே, மலையகத்துப் பிள்ளைகளுக்கு அதில் வேலை கிடைக்குமா?

தங்கை பேராதனையில் கணினிப் பொறியியல் படிக்கிறாள், ஐபி லைசன்ஸ் சந்தை பறக்கிறது என்று யூடியூபில் பார்த்தேன், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தலவாக்கலைக்காரன். சிப் வெரிஃபிகேஷன், அதாவது சிப் வடிவமைப்பில் பிழை இருக்கிறதா என்று சோதிப்பதுதான் என் தொழில்.

ஐபி என்றால், சிப்புக்குள் வைத்துக்கொள்ள மற்றக் கம்பனிகளுக்கு லைசன்ஸ் கொடுக்கிற ஆயத்த வடிவமைப்பு. அந்தச் சந்தை வளர்வது உண்மை. 1990இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ஆர்ம் கம்பனி, சிப் விற்காமல் வடிவமைப்பை லைசன்ஸ் கொடுத்தே பெரிதானது. 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அதன் வருமானம் 323 கோடி டொலர். அடுத்த நிதியாண்டில் 400 கோடியைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் ரோயல்டி, அதாவது அந்த வடிவமைப்பில் செய்து விற்கிற ஒவ்வொரு சிப்புக்கும் கேட்கிற பங்கு. தேயிலை ஆராய்ச்சி நிலையம் கன்றைக் கொடுத்ததோடு விடாமல், அந்தச் செடியில் பறிக்கிற ஒவ்வொரு கிலோ கொழுந்துக்கும் தோட்டத்திடம் பங்கு கேட்டால் எப்படியிருக்கும்? நல்லவேளை, நிலையம் கேட்பதில்லை. ஆர்ம் கேட்கிறது. அதுவும் புதிய வி9 வடிவமைப்புக்கு, பழைய வி8ஐப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஆனால் புராசஸர் மட்டுமே இந்தச் சந்தை இல்லை. ஒரு சிப்புக்குள் யூஎஸ்பி, மெமரி கண்ட்ரோலர், பிசிஐ எக்ஸ்பிரஸ் (கம்ப்யூட்டரின் பாகங்களை இணைக்கிற அதிவேக இணைப்பு) என்று எத்தனையோ பகுதிகள். இவற்றை எல்லாக் கம்பனியும் தானே வடிவமைப்பதில்லை. சினாப்சிஸ், கேடன்ஸ் போன்றவர்களிடம் வாங்கிவிடுவார்கள். பிசிஐ எக்ஸ்பிரஸின் மூன்றாம் தலைமுறை 2010இல் வந்தது, நான்காவது 2017இல்தான். அப்புறம் பாருங்கள்: 2019, 2022, 2025. டேட்டா சென்டர்களுக்கும் ஏஐக்கும் வேகம் போதவில்லை. தலைமுறை மாறும்போதெல்லாம் புதிய சிப்புக்குப் புதிய ஐபி, புதிய லைசன்ஸ். என் கணிப்பில் சந்தையைத் தள்ளுவது இந்த அவசரம்தான். உலகத்தில் போன் எத்தனை விற்றது என்பது இரண்டாம்பட்சம்.

யாரும் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-வி என்ற புராசஸர் கட்டளைத் தொகுதி இலவசமாயிற்றே, அது வந்தால் எல்லாம் போய்விடாதா என்று கேட்பார்கள். இலவசம் என்பது கட்டளைத் தொகுதிதான், அதாவது புராசஸருக்குப் புரிகிற கட்டளைகளின் பட்டியல். அதை வைத்துச் செய்த 'கோர்'களில், அதாவது புராசஸர் வடிவமைப்புகளில், இலவசமானவையும் உண்டு. ஆனாலும் நல்லதை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் நிறைய.

சரி, வேலை. சந்தை 20 சதவீதம் வளர்ந்தால் வேலையும் 20 சதவீதம் கூடும் என்று கணக்குப் போடாதீர்கள். பணத்தில் பெரும்பங்கு நாலைந்து கம்பனிகளுக்குப் போகிறது. ஒரு தடவை செய்த வடிவமைப்பைப் பத்துப் பேருக்கு விற்பதுதானே இந்த வியாபாரம்? ஆள் கூடுதலாகத் தேவைப்படுவது வெரிஃபிகேஷனில். வாங்குகிறவர் எப்படியெல்லாம் பொருத்துவார் என்று தெரியாமல் விற்கிற சாமான் இது. எல்லா விதத்திலும் சோதித்தாக வேண்டும்.

ஒரு உதாரணம். ஏஎக்ஸ்ஐ பஸ் என்பது சிப்புக்குள் பகுதிகள் டேட்டா பரிமாறுகிற பாதை. அதில் டேட்டா அனுப்புகிற பகுதியார் 'வேலிட்' என்று சிக்னல் கொடுப்பார், பெறுகிறவர் 'ரெடி' என்பார். இரண்டும் சேர்ந்தால்தான் டேட்டா நகரும். பெறுகிறவர் வேலிட் வரும்வரை காத்திருக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. அனுப்புகிறவர் ரெடி வரட்டும் என்று நிற்கக் கூடாது. நின்றால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், சிப் உறைந்துவிடும். ரெடியை எப்போதும் உயர்த்தியே வைத்திருக்கிற டெஸ்ட்பெஞ்சில் (வடிவமைப்பைச் சோதிக்கிற புரோகிராமில்) இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது. வேலிட் வரும்வரை ரெடியை வேண்டுமென்றே தாமதப்படுத்திப் பார்க்க வேண்டும். இப்படி வில்லங்கமாக யோசிக்கிற குணம் உங்கள் தங்கைக்கு இருந்தால் நிச்சயம் இந்தப் பக்கம் வரலாம்.

சிப்பை வடிவமைக்கிற மொழியான வெரிலாக் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, அதன் விரிவான வடிவமான சிஸ்டம் வெரிலாகும், அதில் டெஸ்ட்பெஞ்ச் எழுதுகிற முறையான யூவிஎம்மும் வேண்டும். பழக வெரிலேட்டர் என்ற சிமியுலேட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. இலவசமான சிறிய ரிஸ்க்-வி கோர் ஒன்றை எடுத்து, அதில் பிழை தேடி, கண்டதைக் கிட்ஹப்பில் போட்டு வைக்கட்டும். நேர்முகத்தேர்வில் நான் சான்றிதழை விட அதைத்தான் முதலில் திறப்பேன்.

வீட்டிலிருந்தே செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். லேப்டொப் சாதாரணமானதே போதும், டூல்கள் கம்பனி சர்வரில்தான் ஓடும். சிக்கல் லைசன்ஸ் ஒப்பந்தத்தில். ஐபியின் சோர்ஸ் கோட் ஃபைல்களை எந்த அலுவலகத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றுகூடச் சில ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். அப்படிப்பட்ட புரொஜெக்ட் கிடைத்தால் கொழும்பில் அறை எடுத்துத்தான் ஆக வேண்டும். வாடகையையும் சேர்த்துச் சம்பளம் பேசச் சொல்லுங்கள்.