பின்னணிக் கட்டளை தோற்றால் எப்படி அறிவது?

கேள்வி: கடைக் கணக்குகளை நகலெடுக்கும் கட்டளையை பாஷ் ஷெல்லில் (தட்டச்சிடும் கட்டளைகளை இயக்கும் நிரல்) '&' இட்டுப் பின்னணியில் ஓட்டுகிறேன். நகல் தோற்ற நாளிலும் ஸ்கிரிப்ட் வெற்றி என்றே காட்டுவது ஏன்?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: '&' இட்ட கட்டளையின் முடிவுக்குக் காத்திராமல் ஷெல் உடனே 0 என்னும் வெற்றிக் குறியீட்டைத் தந்துவிடுவதால், முந்தைய கட்டளையின் முடிவுக் குறியீட்டைக் காட்டும் '$?'-ஐ அடுத்த வரியில் பார்ப்பதில் பயனில்லை. கட்டளையைத் தொடங்கியதும் '$!' தரும் செயல் எண்ணை (அந்தக் கட்டளையின் ஓட்டத்தை அடையாளம் காட்டும் எண், PID) ஒரு மாறியில் சேமித்துக்கொண்டு, பிறகு அந்த எண்ணைக் குறிப்பிட்டு 'வெயிட்' (wait) கட்டளையை இயக்கினால் உண்மையான முடிவுக் குறியீடு கிடைக்கும். ஓட்ட வேண்டிய கட்டளையே கணினியில் இல்லையென்றால் அந்தக் குறியீடு 127, வலுக்கட்டாயமாக நிறுத்தும் கில் (kill) சமிக்ஞை 9 கட்டளையை நிறுத்தியிருந்தால் 137. எண் குறிப்பிடாத வெறும் 'வெயிட்' எல்லாம் முடியும்வரை காத்திருந்தும் 0-ஐயே தரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை என்பதால், இதை அழுத்திச் சொல்கிறேன். பிழைச் செய்திகளை '2>' இட்டுத் தனிக் கோப்பில் சேமியுங்கள். குறியீடு தோல்வியை மட்டுமே சொல்லும், காரணம் அந்தக் கோப்பில்தான் இருக்கும்.