பெற்றோர் வந்து தங்கும் வீட்டுக்கு அவலான் ஹைப்ரிட்

தம்பி, நியூ ஜெர்சியில் குடியேறிய கையோடு, ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் பெற்றோரை மனத்தில் வைத்து, பழைய டொயோட்டா அவலான் வாங்கலாமா, வாங்கினால் ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டியா, பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட்டா என்று கேட்டிருந்தீர்கள். 2020 முதல் 2022 வரையிலான மாடல் கிடைத்தால் ஹைப்ரிட்டையே வாங்குங்கள்.

அவலான் 2022 மாடலோடு அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. ஆயினும் ஹைப்ரிட்டில் இருப்பது டொயோட்டாவின் பரவலான காரான காம்ரியின் அக்காலத்து ஹைப்ரிட்டில் உள்ள அதே 2.5 லிட்டர் இன்ஜின் என்பதால், மெக்கானிக்குகளுக்கு அது பழகிய வண்டிதான். அரசு மதிப்பீட்டின்படி எக்ஸ்.எல்.இ. என்னும் அடிப்படை ரக ஹைப்ரிட் காலனுக்கு நகரத்தில் 43 மைலும் நெடுஞ்சாலையில் 44 மைலும் தரும். அதே ரகத்தின் பெட்ரோல் வண்டி முறையே 22, 32 மைல்தான் தரும். ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டுபவருக்குச் சுமார் 190 காலன் மிச்சமாகும். உங்களைப் போல் சிக்னலுக்குச் சிக்னல் நின்று அலுவலகம் போகிறவருக்கு மிச்சம் இன்னும் கூடும். நெடுஞ்சாலையில் 301 குதிரைத்திறனோடு சீறிப் பாயும் இன்பம் வேண்டுமென்றால் மட்டும் பெட்ரோல் வண்டியைப் பாருங்கள். அப்பா பின்னால் அமர்ந்திருக்கும்போது அந்த இன்பத்துக்கு வாய்ப்பும் குறைவு.

2020 என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பேட்டரி. 2019 மாடல் வரை ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வாரண்டி இருந்தது. 2020 முதல் அது 10 ஆண்டு அல்லது 1,50,000 மைலாக உயர்ந்தது. இரண்டில் எது முந்துகிறதோ அதுவே எல்லை. வண்டி கைமாறினாலும் இந்த வாரண்டி தொடரும். ஆனால் நாள் கணக்கு முதல் உரிமையாளர் எடுத்த தேதியிலிருந்து ஓடுகிறது என்பதால், அந்தத் தேதியை டீலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். விபத்தில் முழுச் சேதம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி எழுதித்தள்ளிய வண்டிக்கு வாரண்டி செல்லாது. விலை மலிவாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருப்பதால் டிக்கி 16 கன அடி அளவில் குறையாமல் கிடைக்கிறது. ஊரிலிருந்து வரும் பெரிய பெட்டிகளுக்கு அது உதவும். 2013 முதல் 2018 வரையிலான ஹைப்ரிட்களில் டிக்கி 14 கன அடிதான். பின் இருக்கையருகே பேட்டரிக்குக் குளிர்காற்று இழுக்கும் துவாரம் உண்டு. அதைச் சால்வையோ பையோ அடைக்காமல் பார்த்துக்கொள்வதும், அதன் வடிகட்டியை அவ்வப்போது சுத்தம் செய்வதும் கட்டாயம்.

பின்னால் கால் நீட்ட 40 அங்குலத்துக்கு மேல் இடமுண்டு. ஆனால் இருக்கை தாழ்வு. அம்மாவுக்கு மூட்டுவலி இருந்தால், அவலானுக்குப் பின் 2023-இல் வந்த டொயோட்டா கிரவுனையும் ஒருமுறை அமர்ந்து பாருங்கள்; அது அவலானைவிடச் சுமார் 4 அங்குலம் உயரமானது, எல்லா ரகமும் ஹைப்ரிட், நான்கு சக்கர இயக்கம் இருப்பதால் பனிக்கும் ஏற்றது. விலை கூடுதல். இந்த நாட்டில் ஓட்டிய வரலாறு இல்லாதவருக்கு இன்சூரன்ஸ் தொகை எகிறும் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டு வண்டிகளுக்கும் விலைக்குறிப்பு வாங்கிவிடுங்கள்.