எர்லாங்கும் ஒரு புள்ளியும்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு சிறு நிறுவனத்தில் ஆறு வருடமாக எர்லாங் மொழியில் நிரல் எழுதுகிறேன். நீங்களும் ஒரு காலத்தில் அதில் எழுதியவர் என்று உங்கள் பழைய கட்டுரையில் படித்தேன். இதன் அருமை வெளியே யாருக்கும் தெரியவில்லை. இந்த வருடம் நான்கு கூட்டங்கள் நடத்தினேன். வாட்ஸப் எர்லாங்கில்தான் ஓடுகிறது என்று சொல்லித்தான் தொடங்குவேன். முதல் கூட்டத்துக்குப் பதினொரு பேர், கடைசிக்கு நான்கு பேர். ஜாவா, பைத்தான்காரர்களுக்குப் புதிதாகக் கற்க மனமில்லை. கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்களையும், எர்லாங்கின் எஞ்சினிலேயே ஓடும் எலிக்ஸிர் என்ற புது மொழி இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. நம் எஞ்சின்மேல் சர்க்கரை தடவி விற்கிறார்கள். யூடியூபில் தமிழில் ஒரு தொடர் தொடங்கலாமா? கல்லூரிகளுக்குப் போகலாமா? மொழிக்கு ஒரு புது லோகோ வேண்டும் என்றும் தோன்றுகிறது.

ச., கோவை

அன்புள்ள ச.,

லோகோ வேண்டாம். யூடியூப் தொடர் தொடங்குங்கள், நல்லதுதான். கல்லூரிக்கும் போங்கள், தேர்வு மாதத்தில் மட்டும் போகாதீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று.

போன வாரம் என் மகளுக்கு நிரல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். பத்தாவது நிமிடம் அவள் கேட்ட ஏதோ ஒன்றுக்குச் சிரித்துவிட்டேன். மடிக்கணினியை மெதுவாக மூடிவிட்டு எழுந்து போனாள். கோபமாக அறைந்து மூடியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மெதுவான சத்தத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். உங்கள் கடிதம் மறுநாள் வந்தது.

2009. சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு அலுவலகம். பன்னிரண்டு பேரை உட்காரவைத்து எர்லாங் வகுப்பு எடுத்தேன். முன்வரிசையில் எட்டு வருடம் ஜாவா எழுதிய ஒரு அம்மா. எர்லாங் ஷெல்லைத் (ஒரு வரி அடித்தால் உடனே பதில் சொல்லும் திரை) திறந்து, சின்ன எழுத்தில் எக்ஸ் போட்டு, சமம், 5 என்று அடித்து எண்டர் தட்டினார். எதுவும் நடக்கவில்லை. எர்லாங்கில் வாக்கியம் புள்ளியில் முடிய வேண்டும். புள்ளி வைக்காவிட்டால் அது தப்பு என்றும் சொல்லாது, மீதி எங்கே என்றும் கேட்காது. பேசாமல் காத்திருக்கும். திரையில் அதே ‘1>’ மறுபடி வந்து நின்றது. இன்னொரு எண்டர். மறுபடி ‘1>’. ஐந்தாறு தடவை தட்டினார். பக்கத்தில் இருந்த பையன் ‘புள்ளி வைங்க மேடம்’ என்றான். வைத்தார். ‘வலப்பக்கத்து மதிப்பு 5 பொருந்தவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பிழை வந்தது. ஏனென்றால் எர்லாங்கில் மாறியின், அதாவது மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டியின், பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். சின்ன எழுத்தில் தொடங்கினால் அது மாறியே இல்லை, ஒரு நிலையான சொல். அதை எப்படி 5-க்குச் சமமாக்குவது?

‘இதை முதல்லயே சொல்லக்கூடாதா சார்?’ என்றார்.

நான் சிரித்தேன். ‘இது ஜாவா இல்லைங்க’ என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் நாற்பது நிமிடம் தொலைபேசி இணைப்பகங்களைப் பற்றியும், ஒரு ப்ராசஸ், அதாவது உள்ளே தனியாக ஓடும் ஒரு சின்ன வேலை, விழுந்தால் அதைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர் எப்படி மறுபடி எழுப்பும் என்பதைப் பற்றியும் பொழிந்து தள்ளினேன். அவர் எப்போது மடிக்கணினியை மூடினார் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

2011-ல் நான் வேலையை விட்டேன். நான் எர்லாங்கில் எழுதிய எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை அவர் தலையில் விழுந்தது. ஒரு ராத்திரி போன் செய்தார். திரை நிறைய ஏதோ ஓடுகிறது, எங்கே தப்பு என்றே தெரியவில்லை என்றார். ‘லாகைப் பாருங்க, தெளிவா இருக்கும்’ என்று சொல்லி வைத்துவிட்டேன். நான்கே மாதத்தில் மொத்தத்தையும் ஜாவாவில் திருப்பி எழுதிவிட்டார். ஜாவாக்காரர்களின் சோம்பலுக்கு உதாரணமாக இந்தக் கதையைப் பல வருடம் பல கூட்டங்களில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன், தம்பி. உங்கள் கடிதத்தில் ‘கற்க மனமில்லை’ என்ற வரியைப் படித்ததும் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

வாட்ஸப் உதாரணத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 2014-ல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு அதை வாங்கியபோது முப்பத்துச் சொச்சம் பொறியாளர்கள்தான் இருந்தார்கள் என்பது உண்மை. கோவையில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது எதற்கு? அவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பில்லிங் ரிப்போர்ட் முடிய வேண்டும். வாட்ஸப்காரர்களும் யாருடைய சொற்பொழிவையும் கேட்டு எர்லாங்குக்கு வரவில்லை. செய்தி அனுப்ப ஈஜாபர்ட் என்ற சர்வர் தயாராகக் கிடைத்தது, எடுத்துக்கொண்டார்கள். அது எர்லாங்கில் எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

‘அருமை தெரியவில்லை’ என்கிறீர்கள். பெற்ற வீட்டுக்கே தெரியவில்லையே! 1986-ல் ஸ்வீடன் தொலைத்தொடர்பு நிறுவனமான எரிக்ஸனின் ஆய்வுக்கூடத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் தொடங்கியது. ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் கூடச் சேர்ந்தார்கள். 1998-ல் எர்லாங்கின் பெருமையான ஏஎக்ஸ்டி301 என்ற தொலைத்தொடர்பு சுவிட்ச் வெளிவந்தது. அதே வருடம் எரிக்ஸனின் ஒரு பிரிவு, புதுத் தயாரிப்புகளில் எர்லாங் கூடாது என்றுவிட்டது. ஊர் உலகம் புழங்கும் மொழி போதும் என்ற கணக்கு. அந்த டிசம்பரில்தான் மொழி திறந்த மூலமாக, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று, வெளியே வந்தது. இல்லாவிட்டால் நீங்களும் நானும் அதைப் பார்த்தே இருக்க மாட்டோம்.

அப்புறம் அந்த சர்க்கரை. பிரேசில்காரர் ஜோஸே வாலிம் ரூபி என்ற நிரல்மொழியின் உலகத்திலிருந்து வந்தவர். 2011 வாக்கில் எலிக்ஸிரைத் தொடங்கினார். உள்ளே ஓடுவது எர்லாங்கை ஓட்டும் நம் பீம் எஞ்சினேதான். அதில் சின்ன எழுத்தில் எக்ஸ் சமம் 5 என்று அடித்து எண்டர் தட்டிப் பாருங்கள். புள்ளி வேண்டாம். 5 என்று பதில் வரும். அடுத்து எக்ஸ் சமம் 6 என்றாலும் வாங்கிக்கொள்ளும். ஒரு ஃபங்ஷன் என்ன செய்யும் என்று தெரியாவிட்டால் ஷெல்லிலேயே ‘ஹெச்’ போட்டுப் பெயரைக் கொடுத்தால் விளக்கம் வந்து விழும். அந்த அம்மா கேட்டது இதைத்தான். நான் சிரித்த இடத்தில் வாலிம் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார். இதைத் திருட்டு மாதிரி பேசாதீர்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கே 2013-ல் ஒரு வாரம் எலிக்ஸிரை எழுதிப் பார்த்துவிட்டு, சில குறைகளையும் சொல்லி, மனதாரப் பாராட்டி எழுதினார். அப்பனுக்கே பிடித்துவிட்டது, சித்தப்பனுக்கு என்ன கோபம்?

எலிக்ஸிருக்கு மாறச் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்தப் புள்ளி பிடிக்கும். புரோலாக் என்ற பழைய நிரல்மொழியிலிருந்து வந்த பழக்கம் அது. முதல் எர்லாங்கையே புரோலாக்கில்தான் செய்து பார்த்தார்கள். உங்கள் அடுத்த கூட்டத்தின் முதல் அரைமணியை அந்தப் புள்ளிக்கும் பெரிய எழுத்துக்கும் கொடுங்கள். ஸ்லைடு வேண்டாம். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் போய் நில்லுங்கள்.

கடைசிக் கூட்டத்துக்கு நான்கு பேர் வந்தார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். அந்த நால்வரில் முதல் கூட்டத்துக்கும் வந்தவர் எத்தனை பேர்? அவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள், எதற்காகத் திரும்ப வந்தார்கள்? எண்ணிக்கை எழுதியிருக்கிறீர்கள், அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.