யாரோ ஒரு ஊர் டீம்

அன்புள்ள ஐயா,

லண்டனில் நியூ மால்டன் பக்கம் குடியிருக்கிறோம். நான் டிவியில் பெரிய கிளப்களின் ஆட்டங்களை மட்டும் பார்ப்பவன். பதினோரு வயது மகன் நச்சரித்ததால் போன மாதம் குடும்பத்தோடு பிளவ் லேன் மைதானத்துக்கு ஏஎஃப்சி விம்பிள்டன் மேட்ச் பார்க்கப் போனோம். தோற்றுவிட்டார்கள். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தான். "யாரோ ஒரு ஊர் டீம் தோத்ததுக்கு இவன் ஏன் அழணும்?" என்கிறாள் மனைவி. சுற்றியிருந்தவர்கள் எழுந்து பாடியபோது எனக்கு வாயைத் திறக்கவே கூச்சம், ஏதோ வேஷம் போடுவதுபோல. இப்போது வெளியூர் மேட்சுக்கும் போகவேண்டுமாம். அவனை ஜெயிக்கிற டீம் ஒன்றின் பக்கம் திருப்பிவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். நீங்கள் திருப்பினாலும் அவன் திரும்பமாட்டான். தன் கண்ணெதிரே தோற்ற டீமைப் பிள்ளைகள் அத்தனை சீக்கிரம் விடுவதில்லை.

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதை இந்த டீமிடம் போய்க் கேட்டதுதான் வேடிக்கை. ஒரு டீம் யாருடையது என்ற சண்டையில் பிறந்த கிளப் அது. பழைய விம்பிள்டன் கிளப் 1988-ல் லிவர்பூலை 1-0 என்று தோற்கடித்து இங்கிலாந்தின் பெரிய நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையை வென்றது. 1991-ல் சொந்த மைதானத்தை விட்டு, வேறொரு கிளப்பின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒண்டுக்குடித்தனம். 2002 மே மாதம், கிளப்பை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக மூன்று பேர் கொண்ட குழு ஒன்று அனுமதி கொடுத்தது. இரண்டு பேர் சரி என்றார்கள், ஒருவர் கூடாது என்றார். ரசிகர்கள் ஊரிலேயே புதிதாகக் கிளப் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அறிக்கையில் எழுதிவைத்தார்கள்.

ரசிகர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆட விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று அறிவித்து, விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆள் எடுத்து, அந்த வருஷமே இங்கிலாந்துக் கால்பந்து டிவிஷன்களின் ஏணியில் ஒன்பதாம் படியில் இருந்த ஒரு லீகில் ஆடத் தொடங்கினார்கள். ஐந்து முறை மேலே ஏறி 2011-ல் நாலாவது டிவிஷனுக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் ஆடிய கிங்ஸ்மெடோ மைதானம் உங்கள் பேட்டைக்கு இன்னும் பக்கம். இப்போதைய மைதானத்தில் முதல் ஆட்டம் 2020 நவம்பரில் நடந்தது. கோவிட் காலம் என்பதால், இத்தனை பாடுபட்டவர்களில் யாரும் உள்ளே போக முடியவில்லை. கிளப்பின் பெரும்பங்கு இன்றும் ரசிகர்களின் அமைப்பான டான்ஸ் டிரஸ்டிடம் (Dons Trust) இருக்கிறது. சந்தா கட்டும் உறுப்பினருக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு. எத்தனை தலைமுறையாக அந்த ஊரில் இருக்கிறார் என்று பார்த்துக் கூடுதல் ஓட்டெல்லாம் கிடையாது.

உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். பாட வரவில்லையென்றால் பாடாதீர்கள். எல்லா மைதானத்திலும் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், காலமெல்லாம் ஒரே இருக்கையில் உட்காருகிற பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களை யாரும் வேஷக்காரர் என்பதில்லை. ஊரோடு கலந்து பழக இது ஒரு வழி என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். அந்த எண்ணத்தோடு போகிறவர் ஆட்டத்தைப் பார்க்கமாட்டார், தன்னையே பார்த்துக்கொண்டிருப்பார். பந்து எங்கே போகிறதென்று பாருங்கள், போதும்.

டிவி என்றீர்களே, சனிக்கிழமை மத்தியானம் 2.45-லிருந்து 5.15 வரை இங்கிலாந்தில் பொதுவாகக் கால்பந்து நேரலை ஒளிபரப்பு இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். 1960-களில் தொடங்கிய ஏற்பாடு அது. பெரிய கிளப்பை வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடிந்தால் சின்ன கிளப்பின் மேட்சுக்கு யாரும் வரமாட்டார்கள் என்ற பயத்தில் செய்தது. ஆகவே அந்த இரண்டரை மணி நேரம் உங்களைப் போன்றவர்களுக்காகவே ஒதுக்கிவைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

குடிகாரர் தொல்லை இருக்குமோ என்று உங்கள் வீட்டம்மா தயங்கினால், முதல் ஐந்து டிவிஷன்களில் ஆடுகளம் தெரிகிற இடத்தில் மது அருந்த 1985-லிருந்தே சட்டப்படி தடை உண்டு என்று சொல்லுங்கள். கெட்ட வார்த்தை காதில் விழத்தான் செய்யும். பையன் அதையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்பான்.

அப்புறம், வெளியூர் மேட்ச். தாராளமாகக் கூட்டிப்போங்கள். டிக்கெட்டை மட்டும் விம்பிள்டன் கிளப் வழியாகவே வாங்குங்கள். வெளியூர் ரசிகர்களுக்குத் தனி இடம் உண்டு. அதை விட்டு உள்ளூர்க்காரர்கள் நடுவே நீலமும் மஞ்சளுமாக ஸ்கார்ஃப் போட்டு உட்கார்ந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வெளியூர்க் கூட்டம் பெரும்பாலும் ஆட்டம் முழுக்க நின்றபடியே பார்க்கும். முன்னால் ஆறடி ஆள் நின்றால் பையனுக்கு ஒன்றும் தெரியாது, முன்வரிசை கிடைக்குமா என்று கேளுங்கள். என்றைக்காவது, பழைய கிளப் இடம்மாறி உருவான மில்டன் கீன்ஸ் டீமோடு மோதவேண்டி வந்தால் அதை அவனுடைய முதல் வெளியூர் மேட்சாக வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு அங்கே பாடுகிற பாட்டுகளை அவன் இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளட்டும்.