நாய்க்கு வயிற்றில் அவசர அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கவலையில் தூக்கமே வரவில்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

துணிப்பந்தை விழுங்கிய லாப்ரடாரின் இரைப்பையைத் திறந்து எடுத்தார்கள், இன்று இரண்டாம் நாள், அது நன்றாகத் தூங்குகிறது, எனக்குத்தான் தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் மாம்பழக் காலத்தில் நானும் இதே நிலையில் இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் முதலமடைப் பக்கம். கேரளம்தான், ஆனால் வீட்டுக்குள் தமிழ். கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை. மற்ற ஊர்களில் மாமரம் பூத்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் காய் லாரி ஏறிவிடும். செவலை எங்கள் தோட்டத்து நாய். நாலு வயது, நாட்டு நாய், பெயருக்கேற்ற நிறம். ஒரு நாள் வாந்தி எடுத்தான். புல் தின்றிருப்பான் என்று விட்டுவிட்டோம். மறுநாள் குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. பக்கத்தில் ஒருவரிடம் காட்டினோம். வாந்தி நிற்க ஊசி போட்டு, சரியாகிவிடும் என்று அனுப்பினார். மூன்றாம் நாள் காலையில் முதுகை வில் போல வளைத்துக்கொண்டு தொழுவத்து மூலையில் நின்றான். கூப்பிட்டதற்கு வாலை ஒரே ஒரு தடவை ஆட்டினான். அந்த ஒரு ஆட்டல் போதும், எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

மச்சான் காரை எடுத்தார். கொல்லங்கோடு, நெம்மாரா, வடக்கஞ்சேரி, அங்கிருந்து மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி. குதிரானில் 2021-இல் சுரங்கப்பாதை திறந்ததற்கு அன்றைக்குத்தான் முழு மனதோடு நன்றி சொன்னேன். முன்பெல்லாம் அந்த ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எக்ஸ்ரேயில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனில்தான் தெரிந்தது. இரைப்பையிலிருந்து குடலுக்கு இறங்கும் வாயில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. அன்றே திறந்தார்கள். வெளியே வந்த டாக்டரம்மா ஒரு தட்டில் வைத்துக் காட்டி, "மாங்ஙாண்டி" என்றார். மாங்கொட்டை. எங்கிருந்து தின்றான் என்று கேட்டார். குப்பைக்குழியில் பொறுக்கியிருப்பான் என்றேன்.

செவலைக்கு மலையாளம் தெரியாது. அங்கிருந்த உதவியாளர் "வா மோனே" என்று எவ்வளவு கொஞ்சியும் அசையாதவன், நான் "வாடா" என்றதும் தள்ளாடி எழுந்தான். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே என்னிடம் "பேடிக்கேண்டா" என்றார். பயப்பட வேண்டாமாம். வீடு வந்து சேரும்வரை அந்தச் சொல் தாங்கியது, அதற்குப் பிறகு தாங்கவில்லை.

முதல் இரவு முழுவதும் முனகினான். வலி என்று நினைத்து நானும் அழுதேன். மயக்க மருந்தும் வலி மருந்தும் இறங்கும்போது பல நாய்கள் இப்படி முனகும், இடம் தெரியாமல் விழிக்கும் என்று மறுநாள்தான் டாக்டரம்மா போனில் சொன்னார். மூன்று நாள் மலம் போகவில்லை. அதற்கும் பதறினேன். உள்ளே ஒன்றும் இல்லாதபோது என்ன வரும்? காதைத் தொட்டால் கொதித்தது. நாயின் இயல்பான உடல் சூடே 101-லிருந்து 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. நம் கைக்கு அது எப்போதும் காய்ச்சல் போலத்தான் இருக்கும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கிய பிறகு காதைத் தொடுவதை நிறுத்தினேன். மூச்சு இரைத்ததைப் பார்த்தும் பயந்தேன். பாலக்காட்டு மார்ச் வெயிலில் நானே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. மூச்சை எண்ணுவதானால் அது ஆழ்ந்து தூங்கும்போது எண்ணுங்கள். நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் போதும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் பயம் வெறும் மனப்பிரமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்தையல் விட்டுப்போகும் ஆபத்து உண்மையானது. இரைப்பைக்கு இரத்த ஓட்டம் அதிகம், அதனால் குடலைவிட விரைவாக ஆறும். குடலை வெட்டித் தைத்திருந்தால்தான் ஆபத்து கூடுதல். இரைப்பையை மட்டும்தான் வெட்டினார்களா, குடலையும் வெட்டினார்களா என்று உங்கள் மருத்துவரிடம் இன்றே கேட்டுக்கொள்ளுங்கள், பாதிப் பயம் அதிலேயே தெளியும். எதுவானாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை கண் வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டை ஒதுக்குவது, ஈறு வெளுப்பது, வயிறு உப்பி இறுகுவது, 103-க்கு மேல் காய்ச்சல், வெளித்தையலில் நீர் அல்லது சீழ், எழுந்திருக்க மனமில்லாமல் சுருண்டு கிடப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் வண்டியை எடுங்கள். இவை இல்லையென்றால் நாய் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. இரவு மூன்று மணிக்குப் போனில் தேடினால் நல்லபடியாகப் பிழைத்த நாய்களின் கதை வருவதே இல்லை. எனக்கு ஒரு வழி காட்டியது எங்கள் அமுச்சி, அதாவது பாட்டி. எண்பது தாண்டியவள், எத்தனையோ மாடுகளின் ஈற்றுக்கு இரவெல்லாம் பக்கத்தில் இருந்தவள். இரண்டாம் நாள் இரவு நான் செவலையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும், தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்புக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணை மூடவில்லை. (அந்தப் பிளாஸ்டிக் கூம்போடு அவன், கோயில் திருவிழாவுக்குத் தென்னை மரத்தில் கட்டும் ஒலிபெருக்கிக் குழாய் மாதிரியே இருந்தான்.) அமுச்சி ஒரு முறத்தில் புளியைக் கொட்டி என் முன்னால் வைத்தாள். "ஈனுகிற மாட்டை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது படுக்காது. பக்கத்தில் இரு, கையில் வேலை வைத்துக்கொள்" என்றாள். புளிக் காலம் அது. ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரத்தில் செவலை தூங்கிப்போனான்.

எங்கள் வீட்டில் கொட்டை எடுத்த புளி அந்த வருடம் போல என்றும் சேர்ந்ததில்லை.

உங்கள் வீட்டில் புளி இல்லாவிட்டால் துணி மடியுங்கள், பூண்டு உரியுங்கள். உரித்த பூண்டை மட்டும் நாய்க்கு எட்டாமல் வையுங்கள், அதற்கு ஆகாது. நாயை நேருக்கு நேர் பார்க்காமல் அதன் பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம். நம் பதற்றத்தை அது மோந்து பார்த்தே தெரிந்துகொள்கிறது என்று நான் நம்புகிறேன். பார்ப்பதற்கு மணி வைத்துக்கொண்டோம். பால் சொசைட்டிக் கணக்கு எழுதிய பழைய நோட்டின் பின்பக்கத்தில் மருந்து, கஞ்சி, சிறுநீர், ஈறு நிறம், தூக்கத்து மூச்சு எல்லாவற்றையும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதினோம். இடைப்பட்ட நேரத்தில் பார்க்கக்கூடாது என்பது ஒப்பந்தம். நான் பலமுறை மீறினேன். ஆனால் டாக்டரம்மாவை அழைத்தபோது "என்னவோ போல இருக்கிறான்" என்று உளறாமல், நோட்டைப் பார்த்துப் படிக்க முடிந்தது.

உணவைப் பற்றி அவர்கள் சொல்லியிருப்பார்கள். எங்களுக்குச் சொன்னது குழைந்த சோறும் உப்பில்லாமல் வேகவைத்த கோழியும், கைப்பிடி அளவில் பலமுறை. பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல மனதோடு தன் மூட்டு வலி மாத்திரையைக் கொண்டுவந்தார். மனிதர்களின் வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென் போன்றவை நாய்க்கு நஞ்சு. அதே அண்ணன்தான் நாட்டு நாய்க்கா இவ்வளவு செலவு என்றும் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் ஆனைமலை மாசாணியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். இப்படிக் கேட்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லி உங்கள் தெம்பை வீணாக்க வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கேள்வியின் கடைசி வரியில் "பந்தை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குப்பைக்குழியில் பொறுக்கியிருப்பான் என்று டாக்டரம்மாவிடம் சொன்னது பொய். நான் சப்பிய கொட்டையை நானேதான் அவனிடம் போட்டேன். குட்டியாக இருந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் போட்டிருக்கிறேன். நக்கி வெளுப்பாக்கிவிட்டு விட்டுவிடுவான். அந்த முறை விழுங்கினான். என் மனைவிக்குக்கூட அது தெரியாது. தையல் விட்டுவிடுமோ என்ற பயம் பகலில் இருந்தது. இரவில் இருந்தது வேறு. செத்துப்போனால் நான் கொன்றதாகும் என்பது. அதைக் கவலை என்ற பெயரில் சுமந்துகொண்டிருந்தேன். எத்தனை தடவை ஈறைப் பார்த்தாலும் அது குறையவில்லை.

நான்காம் நாள் இரவு புளி எடுத்துக்கொண்டே அமுச்சியிடம் சொல்லிவிட்டேன். ஆறுதல் சொல்வாள், இல்லையென்றால் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி, அந்த முறத்தை இப்படித் தள்ளு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தான் போட்ட ஈர மரவள்ளித் தழையைத் தின்று ஒரு கிடாரி செத்த கதையைச் சொன்னாள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கிடாரி. அதன் நெற்றிச் சுழியைக்கூட மறக்கவில்லை. அன்று இரவு நான் ஐந்து மணி நேரம் தூங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்கப் போனபோது டாக்டரம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். "எல்லாரும் குழியில் பொறுக்கியது என்றுதான் சொல்வார்கள்" என்றார், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டே.

இப்போது எங்கள் வீட்டில் கொட்டைகள் மூடி போட்ட வாளிக்குள் போகின்றன. செவலை இன்னமும் படிக்கட்டில் உட்கார்ந்து என் கையையே பார்க்கிறான்.

உங்களுக்கு நாளைதான் மூன்றாம் நாள், கண் வேண்டிய நாட்கள் இனிமேல்தான். இன்றிரவு நோட்டை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் படுங்கள். கொடுக்கும்போது பந்தைப் பற்றியும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.